நாய்க்கு எலும்பு: அன்பா, ஆபத்தா?

வீடு வாசலை இழந்து இடம்பெயரும் கமக்காரக் குடும்பத்தோடு கூடவே வருகின்ற உயிர் ஒன்று உண்டு. அது நாய். மாட்டை விற்றுவிட்டு வரலாம். கோழிகளை அயலவரிடம் ஒப்படைத்துவிட்டு வரலாம். நாயை அப்படி விட்டுவர மனம் இடம் கொடுக்காது. வேதாகமத்தில் தோபித்து ஆகமத்தை வாசித்தவர்களுக்கு இது தெரியும். தோபித்துவின் குடும்பமும் சொந்த நாட்டிலிருந்து துரத்தப்பட்டு, அந்நிய நகரமான நினிவேயில் வாழ்ந்த குடும்பமே. மகன் தோபியா தூரப் பயணம் புறப்பட்டபோது வீட்டு நாயும் பின்னாலே சென்றது என்று அந்த ஆகமம் கூறுகின்றது.

எமது கண்டிப் பிரதேசத்துக்கும் இடப்பெயர்வு புதியதல்ல. 1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களினால் மலையகத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கமாகச் சென்றன. 1978 இல் வேலை தொடங்கி 1985 இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனிய நகரமும் அதைச் சூழ்ந்த வயல்களும் நீரில் மூழ்கின. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலோடு வந்த பெருமழையும் மண்சரிவும் கண்டி மாவட்டத்தைப் பெரிதும் தாக்கின. ஒவ்வொரு முறையும் மனிதரோடு நாய்களும் இடம்பெயர்ந்தன.

புதிய இடத்தில் நாய் வெறும் செல்லப்பிராணி அல்ல. கதவு இல்லாத தற்காலிகக் கொட்டிலுக்கு அதுவே காவல். புதிதாக நட்ட மரவள்ளியையும் வற்றாளையையும் காட்டுப்பன்றி கிளறாமலும், குரங்குகள் வாழைக்குலையைப் பிய்க்காமலும் காப்பதும் அதுவே. ஆகவே அதன் சுகம் குடும்பத்தின் நலனோடு சேர்ந்தது. இக்கட்டுரையில் நாம் நாயின் உணவு பற்றிய ஒரே ஒரு பழக்கத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம். அது நாய்க்கு எலும்பு போடும் பழக்கம். நாயின் வயிற்றில் தொடங்கும் இந்த விடயம் எமது பிள்ளைகளின் உயிரோடும் தொடர்புடையது என்பதைப் போகப்போகக் காண்பீர்கள்.

முகாமில் எலும்பு ஏன் கூடுதல் பிரச்சினையாகிறது?

சொந்த வீட்டில் இருந்த காலத்தில் நாய்க்குக் கிடைத்தது பெரும்பாலும் மிஞ்சிய சோறும் நெத்தலித் தலையும்தான். இறைச்சிக் கறி மாதத்தில் ஓரிரு நாட்களே. பொதுச் சமையல் நடக்கும் இடத்தில் நிலைமை வேறு. நூறு பேருக்குக் கோழிக்கறி சமைத்தால் ஒரு வாளி எலும்பு மிஞ்சும். நல்மனம் கொண்டவர்கள் கொண்டுவந்து தரும் சோற்றுப் பார்சல்களிலும் கோழித்துண்டு இருக்கும். சாப்பிட்ட பின் எலும்பையும் பார்சல் சுற்றிய பொலித்தீனையும் சேர்த்து ஒரு மூலையில் எறிந்துவிடுகிறோம். நத்தார், உயிர்த்த ஞாயிறு, பங்குத் திருவிழா, திருமண வீடு போன்ற நாட்களுக்குப் பிறகும் இதே கதைதான்.

பசியோடிருக்கும் நாய்கள் பல ஒரே குவியலில் கூடுகின்றன. மற்ற நாய் பறித்துவிடும் என்ற பயத்தில் மெல்லாமல் விழுங்குகின்றன. கறிச்சாறு பட்ட பொலித்தீனையும் சேர்த்து விழுங்குகின்றன. எலும்பினால் வரும் கேடுகளில் பாதி இந்த அவசரத்தினால் வருவதே.

நாய் எலும்பு தின்னப் பிறந்ததல்லவா?

"எங்கள் பாட்டன் காலத்திலிருந்து நாய்க்கு எலும்பு போட்டு வருகிறோம். நாய் செத்தா போயிற்று?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. நாயின் மூதாதையான ஓநாய் எலும்பைத் தின்னும் விலங்குதான். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள் உண்டு. பின்பக்கத்துப் பெரிய பற்கள் கத்தரிக்கோல் போல் வெட்டக்கூடியவை. வயிற்றில் சுரக்கும் அமிலமும் சிறிய பச்சை எலும்புகளைக் கரைக்கும் வலிமையுடையது.

ஆனால் ஓநாய் தின்றது பச்சை எலும்பு; நாம் போடுவது அவித்த, பொரித்த எலும்பு. வேறுபாடு இங்கேதான் இருக்கின்றது. எலும்பு சுண்ணாம்புச் சத்தினால் மட்டும் ஆனதல்ல. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நார் போன்ற புரதம் முதலியவை உண்டு. எலும்பு சற்று வளைந்து கொடுப்பதற்கு அந்தப் புரதமே காரணம். அடுப்பில் நீண்ட நேரம் வேகும்போது இப்புரதம் சிதைந்து, எலும்பு நொறுங்கும் தன்மை பெறுகின்றது. பச்சைத் தடியையும் காய்ந்த தடியையும் முறித்துப் பாருங்கள். பச்சைத் தடி வளைந்து நாராய்க் கிழியும். காய்ந்த தடி சடக்கென்று முறிந்து, முனைகள் ஊசி போல் நிற்கும். அவித்த கோழியின் கால் எலும்பு அந்தக் காய்ந்த தடியைப் போன்றதே. பொரித்த, சுட்ட எலும்பு இன்னும் மோசம்.

அப்படியானால் பச்சை எலும்பு நல்லதா என்றால் அதுவும் முற்றாக ஆபத்தற்றதல்ல. பச்சை இறைச்சியிலும் எலும்பிலும் சல்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். நாய் தாங்கிக்கொண்டாலும், அது எலும்பு கடித்த இடத்தில் விளையாடும் குழந்தைக்கு வயிற்றோட்டம் வரலாம். மாட்டின் தொடை எலும்பு போன்ற கடினமானவை பல்லைப் பிளந்துவிடும். நெருக்கமாக மக்கள் வாழும் இடத்தில் எந்த எலும்பும் போடாதிருப்பதே உத்தமம்.

வாயிலிருந்து வால் வரை: எங்கே என்ன நடக்கும்?

*வாயில்:* எலும்புத் துண்டு மேல் வாயில் இருபக்கக் கடைவாய்ப் பற்களுக்கும் குறுக்கே இறுகிக்கொள்ளும். ஓட்டையுள்ள வட்ட எலும்பு கீழ்த்தாடையில் வளையம் போல் மாட்டிக்கொள்ளும். நாய் முன்னங்காலால் வாயைச் சுரண்டும், வீணீர் வடிக்கும், முகத்தை நிலத்தில் தேய்க்கும்.

*தொண்டையிலும் உணவுக் குழாயிலும்:* எலும்பு இறுகினால் நாய் கழுத்தை நீட்டும். விழுங்க முயன்று முயன்று ஓங்காளிக்கும். தின்றதையும் குடித்ததையும் உடனே வெளியே தள்ளும். உணவுக் குழாய் நெஞ்சுக்குள் இறங்கும் இடத்திலும், இதயத்துக்கு மேலேயும், வயிற்றுக்குச் சற்று முன்பும் இது அடிக்கடி நேரும். ஒரு நாளுக்கு மேல் விட்டால் குழாயின் சுவர் புண்ணாகி ஓட்டையாகும் அபாயம் உண்டு. மூச்சுக்குழாயை அடைத்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போகலாம்.

*வயிற்றில்:* பெரும்பாலான துண்டுகள் இங்கே மெல்ல மெல்லக் கரையும். அதற்குள் வயிற்றுச் சுவரை உறுத்திச் சத்தியை உண்டாக்கும். எலும்போடு சேர்ந்த கொழுப்பும், மிளகாயும், எண்ணெயும் வயிற்றை மேலும் குழப்பும். கொழுப்பு மிகுந்தால் கணையம் வீங்கி, நாய் கடும் வலியோடு விடாமல் சத்தி எடுக்கும்.

*குடலில்:* கூரான முனை குடலைத் துளைத்தால் வயிற்றறை முழுவதும் கிருமி பரவும். வயிறு பலகை போல் இறுகும், காய்ச்சல் வரும், நாய் சுருண்டு படுத்துவிடும். அறுவைச் சிகிச்சை இன்றிப் பிழைப்பது அரிது. பொலித்தீன் விழுங்கியிருந்தால் குடல் அடைத்துக்கொள்ளும்.

*குடலின் கடைசியில்:* எலும்புத் தூள் சுண்ணாம்புச் சாந்து போல் இறுகி மலச்சிக்கலை உண்டாக்கும். வெள்ளை நிறத்தில், காய்ந்து உதிரும் மலம் எலும்பு அளவுக்கு மிஞ்சியதன் அடையாளம். நாய் முக்கி முக்கி அழும், இரத்தமும் வரலாம்.

கவனம்: தொண்டையில் எலும்பா, விசரா?

இக்கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இப்பகுதியை மறக்க வேண்டாம்.

விசர்நாய்க்கடி நோய் என்றதும் எமது மனதில் தோன்றுவது, வெறிபிடித்து ஓடிக் கண்டவரையெல்லாம் கடிக்கும் நாய். ஆனால் இந்நோய்க்கு இன்னொரு முகம் உண்டு. சில நாய்கள் கடிக்க ஓடாமல் ஒதுங்கி அமைதியாகிவிடும். தொண்டைத் தசைகளும் தாடைத் தசைகளும் செயலிழந்து, கீழ்த்தாடை தொங்கும். விழுங்க முடியாமல் வீணீர் வடியும். குரைக்கும் சத்தம் மாறும். பார்ப்பவருக்குத் தொண்டையில் எலும்பு சிக்கியது போலவே தோன்றும். அன்புள்ள வீட்டுக்காரர், "பாவம், எலும்பு இறுகிவிட்டது" என்று சொல்லி வாய்க்குள் கையை விட்டுத் தேடுவார். நோயோ வீணீரில்தான் இருக்கின்றது. கையில் சிறு கீறல் இருந்தாலும் போதும். கிருமி உள்ளே சென்றுவிடும்.

கமவேலை செய்பவரின் கையில் கீறல் இல்லாத நாள் உண்டா? ஆகவே நாயின் வாய்க்குள் வெறுங்கையை விடவே கூடாது. அது நாம் வளர்த்த நாயாக இருந்தாலும் சரி, நேற்றுவரை நன்றாக விளையாடிய நாயாக இருந்தாலும் சரி.

எலும்பு சிக்கிய நாயின் துன்பம் பொதுவாகத் தின்றுகொண்டிருக்கும்போது அல்லது தின்ற உடனே தொடங்கும். அது எசமானை அறியும். வாயைத் தானே சுரண்டும். விசர் பிடித்த நாயில் ஓரிரு நாட்களாகவே குணமாற்றம் தெரியும்: இருளில் ஒளிதல், பெயர் சொல்லி அழைத்தும் வராமை, காரணமின்றிச் சீறுதல், நடை தள்ளாடுதல். ஆனால் இந்த வேறுபாட்டை வைத்து நாமே தீர்ப்புச் சொல்லக் கூடாது. அது மிருக வைத்தியரின் வேலை. நாம் செய்யவேண்டியவை இவை:

1. பிள்ளைகளையும் மற்ற நாய்களையும் உடனே அப்புறப்படுத்துங்கள்.
2. நாயைத் தொடாமல் ஓர் அறையிலோ கூட்டிலோ அடைத்துவிடுங்கள்.
3. மிருக வைத்தியருக்கோ, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ அறிவியுங்கள்.
4. வீணீர் கையிலோ முகத்திலோ பட்டிருந்தால், அல்லது நாய் கடித்தோ கீறியோ இருந்தால், சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கண்ணிலோ வாயிலோ பட்டால் சுத்தமான நீரால் நன்றாகக் கழுவுங்கள். அதன் பின் தாமதமின்றி அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதையும் காயத்தில் அப்பவேண்டாம். பார்வை பார்த்து, நூல் கட்டி நாளைக் கடத்தவும் வேண்டாம். இந்நோய் வெளிப்பட்டுவிட்டால் காப்பாற்றும் மருந்து இல்லை; வெளிப்படுமுன் போடும் தடுப்பூசியோ உயிரைக் காக்கும். அரசாங்க வைத்தியசாலையில் அது இலவசம். இலங்கையில் 1973 இல் 377 பேர் இந்நோயால் இறந்தனர். அண்மைக் காலத்தில் அந்த எண்ணிக்கை வருடத்துக்கு ஏறத்தாழ 20 முதல் 30 வரை குறைந்திருப்பதற்கு நாய்களுக்கும் மனிதருக்கும் போடப்படும் தடுப்பூசியே முக்கிய காரணம். எஞ்சிய மரணங்களும் தவிர்க்கக்கூடியவையே.

எலும்புக்கும் நாய்க்கடிக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. எலும்பு கடிக்கும் நாயிடம், எவ்வளவு சாதுவானதாக இருந்தாலும், பிள்ளை கையை நீட்டினால் அது கடிக்கக்கூடும். எலும்புக் குவியலில் நாய்கள் சண்டையிடும்போது குறுக்கே ஓடும் பிள்ளையும் கடிபடும். எலும்பு இல்லாத வளவில் இந்தச் சண்டையும் குறையும்.

சாதாரண வயிற்றுக் குழப்பத்துக்கு வீட்டில் செய்யக்கூடியவை

நாய் ஓரிரு முறை சத்தி எடுத்து, அல்லது மலம் சற்று இளகி, ஆனால் உற்சாகமாக வாலாட்டிக்கொண்டு இருந்தால் அவசரப்பட வேண்டியதில்லை.

வளர்ந்த நாயாயின் ஏறக்குறைய 12 மணித்தியாலம் உணவு கொடுக்காமல் வயிற்றுக்கு ஓய்வு கொடுக்கலாம். குட்டிகளையும், மெலிந்த நாய்களையும், பாலூட்டும் நாய்களையும் பட்டினி போடக் கூடாது. கொதித்தாறிய நீரைச் சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுங்கள். ஒரே தடவையில் ஒரு பாத்திரம் நீரைக் குடிக்கவிட்டால் மீண்டும் சத்தி எடுக்கும். வயிற்றோட்டம் இருந்தால், பிள்ளைகளுக்குக் கரைப்பது போலவே ஜீவனியைக் கரைத்துச் சில கரண்டிகள் வைத்துப் பார்க்கலாம். நாய் தானாக நக்கிக் குடிக்கவேண்டும். வாயைத் திறந்து ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போகலாம்.

பின்னர் குழைய அவித்த சோறு இரண்டு பங்கும், தோலும் எலும்பும் நீக்கி அவித்த கோழி இறைச்சி ஒரு பங்குமாகக் கலந்து, நாளொன்றுக்கு மூன்று நான்கு தடவை சிறிது சிறிதாகக் கொடுங்கள். இறைச்சி இல்லையென்றால் அவித்த முட்டை அல்லது முள் நீக்கிய மீன் போதும். உப்பு, எண்ணெய், மிளகாய், வெங்காயம் எதுவும் வேண்டாம். இரண்டு மூன்று நாட்களில் பழைய உணவுக்குத் திரும்பலாம்.

எலும்பு விழுங்கியது நிச்சயமாகத் தெரிந்து, நாய் சாதாரணமாக இருந்தால், மூன்று நாட்களுக்கு அதன் மலத்தையும் சாப்பாட்டையும் கவனித்து வாருங்கள்.

செய்யக் கூடாதவை

- *சத்தி எடுக்க வைக்க வேண்டாம்.* உப்புத் தண்ணீர் பருக்கிச் சத்தி எடுக்க வைத்தால், உள்ளே சென்ற கூர் எலும்பு திரும்பி வரும்போது உணவுக் குழாயைக் கிழிக்கும். உப்பே நஞ்சாகவும் கூடும்.
- *சோற்று உருண்டையால் தள்ள வேண்டாம்.* எமது தொண்டையில் மீன்முள் குத்தினால் சோற்று உருண்டை விழுங்குவோம். நாயின் தொண்டையில் இறுகிய எலும்பை அப்படித் தள்ளினால் மேலும் இறுகும்.
- *மனிதருக்கான மருந்து வேண்டாம்.* வலிக்குக் கொடுக்கும் இபுபுரோஃபென் போன்ற மாத்திரைகள் நாயின் வயிற்றிலும் சிறுநீரகத்திலும் புண்ணும் பழுதும் உண்டாக்கும். பனடோல் பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கும் அளவு மீறினால் ஆபத்தே. வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசையும் வேண்டாம்.
- *பின்புறத்தில் தெரியும் எலும்பையோ பொலித்தீனையோ இழுக்க வேண்டாம்.* மறுமுனை குடலுக்குள் எங்கு பற்றியிருக்கின்றது என்பதை நாம் அறியோம்.

எப்போது மிருக வைத்தியரிடம் ஓடவேண்டும்?

பின்வருவனவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே செல்லுங்கள்: திரும்பத் திரும்பச் சத்தி, குடித்த தண்ணீரும் தங்காமை, சத்தியிலோ மலத்திலோ இரத்தம், கறுத்த தார் போன்ற மலம், வயிறு வீங்கி இறுகுதல், தொட்டால் அழுதல், ஒரு நாளுக்கு மேல் உணவை மறுத்தல், இரண்டு நாட்களாக மலம் போகாமல் முக்குதல், மூச்சுத் திணறல், முரசு வெளிறிப்போதல்.

தடுப்பூசி போடாத குட்டிக்கு இரத்தத்தோடு வயிற்றோட்டமும் சத்தியும் வந்தால் எலும்பின்மேல் பழி போட்டு நாளைக் கடத்த வேண்டாம். அது பார்வோ எனும் தொற்றுநோயாக இருக்கலாம். பல நாய்கள் கூடி வாழும் இடத்தில் அது வேகமாகப் பரவும். குட்டியைத் தனிப்படுத்தி உடனே கொண்டு செல்லுங்கள்.

கண்டிப் பிரதேசத்தவருக்கு இவ்விடயத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. மிருக வைத்தியப் பட்டம் வழங்கும் பீடம் அமைந்திருப்பது பேராதனைப் பல்கலைக்கழகத்திலேயே. அதனோடு சேர்ந்த மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலையும் அங்கே இயங்குகின்றது. அறுவைச் சிகிச்சை தேவைப்படக்கூடிய நாயை அங்கே கொண்டு செல்லலாம். கலஹா, தெல்தோட்டை, நாவலப்பிட்டி, உடுதும்பறை போன்ற தூர இடங்களில் இருப்போர் முதலில் தமது பகுதிக்குரிய அரச மிருக வைத்திய அலுவலகத்தை நாடலாம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டுமே அந்த அலுவலகம் என்று எண்ண வேண்டாம். நாயைப் பற்றியும் அங்கே ஆலோசனை கேட்கலாம். எங்கே அலுவலகம் என்று தெரியாவிட்டால் கிராம உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள்.

நாயைக் கொண்டு செல்லும்போது ஒரு பலகையில் அல்லது மடித்த சாக்கில் படுக்கவைத்துத் தூக்குங்கள். சத்தி எடுக்கும் நாயின், மூச்சுத் திணறும் நாயின் வாயைக் கட்ட வேண்டாம். எப்போது, என்ன எலும்பு தின்றது, எத்தனை முறை சத்தி எடுத்தது என்பதை நினைவில் வைத்துச் சொல்லுங்கள்.

எலும்புக்குப் பதில் என்ன கொடுக்கலாம்?

எலும்பை நிறுத்தினால் நாய்க்குச் சத்துக் குறையாதா என்ற கவலை வேண்டாம். எலும்பின் ருசியையும் சத்தையும் வேறு வழியில் கொடுக்கலாம்.

கறிக்கு மசாலா சேர்க்குமுன் எலும்புப் பகுதியில் கொஞ்சத்தைத் தனியே அவித்து, அந்தச் சாற்றை வடிகட்டி, மேலே மிதக்கும் கொழுப்பை நீக்கிச் சோற்றோடு பிசைந்து வையுங்கள். எந்த நாயும் மறுக்காது. ஏறக்குறைய 10 கிலோ நிறையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு இரண்டு கோப்பைச் சோறும், ஒரு பெரிய கைப்பிடி இறைச்சி, மீன், முட்டை அல்லது அவித்த சோயாவும் இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுத்தால் போதும். நெத்தலியையும் கருவாட்டுத் தலையையும் நன்றாக ஊறவைத்து அவித்து, உப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு இடித்துச் சேருங்கள். பூசணி, கரட் சிறிதளவு அவித்துச் சேர்ப்பதும் நல்லது. வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். ஆகவே வெங்காயம் சேர்ந்த கறியை ஊற்ற வேண்டாம்.

சுண்ணாம்புச் சத்துக்கு முட்டைக் கோதைக் கழுவி, அவித்து, காயவைத்து, மாவாக இடித்து, அந்த அளவு நாய்க்கு நாளொன்றுக்கு அரைத் தேக்கரண்டி சேர்த்தால் போதும்.

நாய்க்குக் கடிக்கும் ஆசை உண்டு. முக்கியமாகப் பல் முளைக்கும் குட்டிக்கு. அதற்கு ஒரு பெரிய பச்சைக் கரட்டைக் கொடுத்துப் பாருங்கள். நுவரெலியா லொறியிலிருந்து கழித்துவிடும் கரட்டே போதும். நகத்தால் அழுத்தினால் பதியாத எந்தப் பொருளும் நாயின் பல்லுக்குக் கடினமானது என்பதை ஒரு விதியாகக் கொள்ளலாம்.

இன்னொரு எச்சரிக்கை. ஆடு மாடு அறுக்கும் இடத்திலிருந்து ஈரல், நுரையீரல் போன்றவற்றைப் பச்சையாக நாய்க்குப் போட வேண்டாம். அவற்றில் உள்ள நீர்க்கட்டிகளிலிருந்து நாயின் குடலில் நாடாப்புழு வளரலாம். நாயின் மலத்தோடு வெளியேறும் முட்டைகள் பிள்ளைகளின் வாய்க்குள் சென்றால் அவர்களின் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி உண்டாகும். நன்றாக அவித்தால் இந்த அபாயம் நீங்கும். நாய்க்கு ஒழுங்காகப் பூச்சி மருந்து கொடுப்பதும், அதன் மலத்தை அள்ளிப் புதைப்பதும், சாப்பிடுமுன் பிள்ளைகளின் கையைக் கழுவிவிடுவதும் இதே காரணத்துக்காகவே.

மிஞ்சும் எலும்பை என்ன செய்வது?

நாய்க்குக் கேடு செய்யும் எலும்பு நிலத்துக்கு நல்ல பசளை. எலும்பில் பொசுபரசும் சுண்ணாம்புச் சத்தும் நிறைய உண்டு. கண்டி மலைகளின் மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை உடையது. புளிப்பு மண்ணில் எலும்புத் தூள் எளிதில் கரைந்து பயிருக்குச் சேரும்.

பொதுச் சமையற்கூடத்தின் அருகே மூடியுள்ள ஒரு வாளியை வையுங்கள். எலும்பு அதற்குள், பொலித்தீன் வேறு பையில். சேர்ந்த எலும்பை விறகு அடுப்பில் நன்றாகச் சுட்டு, ஆறியபின் கல்லில் வைத்து இடித்தால் எளிதில் தூளாகும். வாழை, பூசணி, பாகல் நடும் குழிகளில் ஒவ்வொரு கைப்பிடி இட்டு மண்ணோடு கலந்துவிடுங்கள். சுட்ட எலும்பில் மணம் இல்லாததால் நாயும் பன்றியும் கிளறாது. சுட வசதியில்லையென்றால் முழங்கால் ஆழத்துக்குக் கிடங்கு வெட்டிப் புதைத்து, மேலே பாரமான கல் வையுங்கள். வாளியைக் கவனிக்கும் பொறுப்பை வாரத்துக்கு ஒரு குடும்பமாக முறை வைத்து ஏற்கலாம்.

நினைவில் வைக்க வேண்டியவை

- அவித்த, பொரித்த எலும்பு எதையும் நாய்க்குப் போடாதீர்கள். கோழி எலும்பும் மீன்முள்ளும் கண்டிப்பாகக் கூடாது.
- வீணீர் வடித்து விழுங்க முடியாமல் இருக்கும் நாயின் வாய்க்குள் கையை விடாதீர்கள்.
- கடி, கீறல், வீணீர் பட்டால்: 15 நிமிடம் சவர்க்காரமும் ஓடும் நீரும், பின் அரசாங்க வைத்தியசாலை.
- விடாத சத்தி, இரத்தம், இறுகிய வயிறு: அன்றே மிருக வைத்தியர்.
- இடம்பெயர்ந்தபோது நாயின் தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தால், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு மீண்டும் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பின் வருடந்தோறும் தவறாமல் போடுங்கள்.

மேசையிலிருந்து விழும் துணிக்கைகளை நாய்க்குட்டிகளும் தின்னுமே என்று ஒரு தாய் ஆண்டவரிடம் வாதாடியதை நாம் நற்செய்தியில் அறிவோம். மிஞ்சியதில் ஒரு பங்கு நாய்க்கும் உண்டு என்பது ஏழை வீட்டின் பழைய வழக்கம். அந்த வழக்கத்தை நாம் விட வேண்டியதில்லை. துணிக்கையைக் கொடுப்போம், எலும்பை மட்டும் வாழைக் குழிக்குக் கொடுப்போம். வரும் ஞாயிறு கூட்டத்தில் உங்கள் முகாமின் அல்லது குடியேற்றத்தின் குடும்பங்கள் இதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசி, எலும்பு வாளிக்கு முதல் வாரப் பொறுப்பாளரைத் தெரிவு செய்தால் நல்லது. தொடங்குவதற்கு ஒரு பழைய வாளியும் ஒரு மூடியும் போதும்.